தம்பி காலில் சேற்றுப்புண்

மனவளர்ச்சி குன்றிய என் தம்பியைத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தனியார் காப்பகத்தில் சேர்த்திருந்தோம். எப்போது பார்க்கப் போனாலும் போன் செய்துவிட்டுத்தான் போவோம். ஒருமுறை அவன் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். "பாத்ரூம் ஈரம்ங்க" என்றார் நிர்வாகி. நடவு நட்டே வளர்ந்த நான்கூட அதை நம்பினேன்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் சொல்லாமல் நுழைந்தேன். பின்பக்க வயலில் தம்பியும் இன்னும் ஐந்து பேரும் சேற்றில் நாற்றுக்கட்டு சுமந்துகொண்டிருந்தார்கள். நிர்வாகி வரப்பில் குடையோடு நின்றார்.

"தொழிற்பயிற்சிங்க" என்றார்.

"யாரு வயலு இது?" என்றேன்.

"என்னோடதுதாங்க."

அப்படியே படம் எடுத்து, கலெக்டரிடம் மனு கொடுத்தேன். காப்பகத்துக்குச் சீல் வைத்தார்கள். தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான்.

எனக்கு ஆறவில்லை. அந்த நிர்வாகி வேறு ஊரில் புதுப் பெயரில் காப்பகம் திறக்கப்போகிறாராம். குடையோடு அவர் நிற்கும் படத்தை ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு திறப்பு விழாவுக்கு நானும் போவேன். போன் செய்யாமல்தான்.