ஒரு மணியில் வைத்த துப்பாக்கி

எந்த நாற்காலியில் உட்காரப் போனாலும் வெர்னன் சைஸ்மோர் முதலில் வலது முழங்கையை இடுப்போடு ஒருமுறை அழுத்திக்கொள்வார். சட்டைக்குள் துப்பாக்கி இருக்கிறதென்று முழங்கை சொன்ன பிறகுதான் உட்காருவார். மகள் கென்ட்ரா இதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறாள்.

அவர் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பக்கம் வீடு வீடாக எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டியவர். ஒரு ஜனவரியில் இரண்டு பேர் வழிமறித்து, லாரிச் சாவியையும் அவர் காலணிகளையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பனியில் காலுறையோடு இரண்டு மைல் நடந்தார். மறுவாரம் துப்பாக்கி வாங்கினார்.

துப்பாக்கியை இடுப்பில் எங்கே செருகுவது என்று சொல்ல அங்கெல்லாம் உடம்புதான் கடிகாரம். தொப்புள் பன்னிரண்டு மணி, வலது இடுப்பு மூன்று. வெர்னன் இருபத்தாறு வருடம் நான்கு மணியில் வைத்திருந்தார். பிறகு நடுக்குவாதம் வந்தது. வலது தோள் இறுகி, கை பின்னால் போக மறுத்தது.

கென்ட்ரா அந்த வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள். முதியவர்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. வழுக்கும் தரைவிரிப்பு, கைப்பிடி இல்லாத படி என்று போகும் அவளுடைய படிவத்தில் துப்பாக்கிக்கும் ஒரு கட்டம் உண்டு. ஊரார் வீடுகளில் அதைப் பற்றித் தயங்காமல் கேட்பவளுக்குத் தன் வீட்டில் வாய் எழவில்லை. அப்பாவுக்குப் பயன்படாத படிப்பு யாருக்கு என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். கேட்டுக்கொண்டே ஒரு சனிக்கிழமை அவரைத் துவைட்டின் துப்பாக்கிக் கடைக்கு அழைத்துப் போனாள். அவர் வண்டி ஓட்டுவதை அவள்தான் நிறுத்தியிருந்தாள்; அவர் போக நினைக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவதும் அவள் பொறுப்பாயிற்று.

"நாலுக்குக் கை போகலேன்னா மூணுல வையுங்கண்ணே," என்றார் துவைட்.

"மூணுல கார் பெல்ட் குத்துது."

"கணுக்கால்?"

"குனிஞ்சா நிமிர ரெண்டு ஆள் வேணும். திருடன்கிட்டயே, தம்பி கொஞ்சம் தூக்கி விடுன்னு கேக்கவா?"

"அப்போ முன்னாடி, ஒரு மணியில. இப்ப சின்னப் பசங்கல்லாம் அங்கதான் வெக்கிறாங்க."

"இந்தத் தொப்பைக்கு அடியில ஒரு மணி எங்கேன்னு நானே பாத்து வருசமாச்சு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். துவைட் கொடுத்த பிளாஸ்டிக் துப்பாக்கியை வெர்னன் வயிற்றோரம் செருகி, உருவிப் பார்த்தார். நடுங்கிய கையில் அதன் வாய் அவருடைய தொடையையே இருமுறை பார்த்தது. கென்ட்ரா கவனித்தாள். துவைட்டும் கவனித்தார், கவனித்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். ஒரு மனிதனிடம் போதும் என்று சொல்ல அந்தக் கடையில் யாருக்கும் பழக்கமில்லை.

காரில் அவள் சொன்னாள்: "அப்பா, இனிமே இது வேணாமே."

"லாரி போச்சு. கார்ச் சாவியும் உங்கிட்ட. இதையும் குடுத்துட்டா நான் யாரு கண்ணு? பனியில நடந்தது நீயில்ல."



மூன்று வாரம் கழித்து சர்ச்சில் விருந்து. அங்கே எல்லோருக்கும் ஒரே கழிப்பறை. துப்பாக்கி இப்போது முன்னால், ஒரு மணியில் இருந்தது; அதை எடுத்து வைக்காமல் பெல்ட்டைத் தளர்த்த முடியாது. வெர்னன் அதைத் தண்ணீர்த் தொட்டி மூடிமேல் வைத்தார். பிறகு பொத்தான்களோடு போராடியதிலேயே கவனமெல்லாம் தீர்ந்துபோனது. வெளியே வந்து உட்காரும்போது முழங்கையை அழுத்தினார். அந்த மூன்று வாரமாகவே முழங்கைக்கு அங்கே எதுவும் தட்டுப்பட்டதில்லை. அதனால் அது எதுவும் சொல்லவில்லை. பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட ஆரம்பித்தார்.

சர்ச்சில் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு நடத்தும் ராபர்ட்டா நேப்பியர் மூடிய பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து கென்ட்ராவின் காலடியில் வைத்தாள்.

"உங்க பாத்திரம். கனம், பாத்துத் தூக்கு."

"எங்களோடது இல்லையே, மிஸ் ராபர்ட்டா."

"இன்னைக்கு உங்களோடதுதான். மூடியத் தொறக்காத." குரலைத் தாழ்த்தினாள். "கழிப்பறைக் கதவுக்கு வெளிய என் வகுப்புப் பிள்ளைங்க ஏழு பேரு வரிசையா நின்னுச்சுங்க. நான் முந்திக்கிட்டேன். அவ்ளோதான்."

வெர்னனின் கை மெல்ல வயிற்றோரம் போய், வெறுமையாகத் திரும்பி வந்தது. ராபர்ட்டாவை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. அவள் பதிலுக்கு நிற்காமல் காப்பி ஊற்றப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவரே துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை மேசைமேல் வைத்தார். கென்ட்ரா ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் அதை நடத்தியது அவளில்லை. சாவியை எடுக்கும்போது அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பின் அவர் சர்ச்சுக்குப் போகவில்லை. "ராபர்ட்டாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அடுத்த ஞாயித்துக்கிழம போலாம்," என்பார். ஞாயிறு வந்தால் காலில் வலி என்பார். கூட்டிப்போகக் கென்ட்ரா சட்டையைத் தேய்த்து வைப்பாள். மாலையில் அதை மடித்து உள்ளே வைப்பாள். ஏப்ரலில் நிமோனியா வந்து இறந்துபோனார்.

அடக்கத்தன்று துக்கம் சொல்ல வரிசையில் வந்த ராபர்ட்டா கென்ட்ராவின் கையைப் பிடித்தாள். அப்பா சொல்லாமல் விட்ட நன்றியை அவருக்காகத் தானே சொல்லிவிடலாம் என்று கென்ட்ரா வாய் திறந்தாள். பின்னால் ஊரே நின்றது. சொன்னால், எதற்கென்று கேட்பார்கள். ராபர்ட்டா யாரிடமும் சொல்லாமல் காத்தது அங்கே உடைந்துபோகும். "வந்ததுக்கு நன்றி," என்று மட்டும் சொன்னாள். அது அவளுடைய நன்றி. வெர்னன் சொல்ல வேண்டியது இன்னும் ராபர்ட்டாவுக்குப் போய்ச் சேரவில்லை.