சத்தம் போடாத சுற்றுகள்

ஆய்வகத்தில் அவளுக்கு அலைக்காரி என்று பட்டம். ஒளி என்பது வெறும் அலைதான், அதில் மாயமும் மந்திரமும் இல்லை என்று கல்லூரி நாளில் பிடித்த பிடியை அவள் இன்னும் தளர்த்தவில்லை. பிடிவாதத்துக்குக் கோப்பை கொடுப்பார்களானால் அவள் வீட்டில் வைக்க இடம் போதாது.

அவளுடைய வழக்கு இதுதான். ஓரிடத்திலிருந்து கிளம்பும் ஒளி, தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு அறைகளுக்குப் போகிறது. இரண்டு அறைகளின் விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை ஓர் எண்ணாகச் சொல்லலாம். அறைகள் தங்களுக்குள் தகவல் பேசிக்கொள்ளாதவரை, சாதாரண அலையால் அந்த எண்ணை இரண்டுக்கு மேல் ஏற்ற முடியாது என்கிறது பெல் என்ற இயற்பியலாளரின் கணக்கு. சோதனைகளிலோ அது ஏறுகிறது. தன் அலையும் ஏற்றிக் காட்டும் என்று அவள் கணினியில் ஒரு மாடல் கட்டினாள். ஒவ்வொரு முறை ஒளியை அனுப்புவதும் ஒரு சுற்று; அதில் அலை போதிய பலத்தோடு வந்தால் அறையிலுள்ள உணர்கருவி ‘டிக்’ என்னும். இல்லாவிட்டால் வாயைத் திறக்காது.

குழுவின் முன் பேச வேண்டிய நாளுக்கு முந்தின மாலை, எண் இரண்டைத் தாண்டிவிட்டது.

சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் அவள் தம்பி துள்ளிக் குதித்தான். “அக்கா, ஜெயிச்சுட்ட! நாளைக்கு எல்லார் வாயும் அடைச்சிடும்.”

அவளுக்கும் தலைகால் புரியவில்லை. ஆனாலும் ஒன்று உறுத்தியது. “சத்தமே போடாத சுற்றெல்லாம் எங்கடா போச்சு?”

“ரெண்டு பக்கமும் ‘டிக்’ அடிச்சதத்தான எண்ணியிருக்க. மத்தது எதுக்கு?”

“உங்க சோதனையில எண்ணுறீங்களா இல்லையா?”

தம்பி தலையைச் சொறிந்தான். “இப்போ எண்ணுறோம். ஒண்ணு விடாம.”

“அப்போ நானும் எண்ணுறேன்.”

“வேணாங்கா. யாரும் கேக்க மாட்டாங்க.”

“நான் கேக்குறேனே!”

விட்டுப்போன சுற்றுகளையும் சேர்த்து மறுபடி ஓட்டினாள். எண் மளமளவென்று இறங்கி இரண்டுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. அழுதாள், அழுதுகொண்டே புது வரைபடத்துக்குத் தலைப்பும் போட்டாள்.

காலையில் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். எதை விட்டதால் ஜெயித்தாள், சேர்த்ததும் எப்படித் தோற்றாள் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

“அப்போ அலைக் கட்சிய விட்டாச்சாம்மா?” என்று கேட்டார் குழுத் தலைவர்.

“இந்த மாடல் செத்துப்போச்சு சார். இனி எதக் கட்டினாலும் சத்தம் போடாததத்தான் முதல்ல எண்ணுவேன்.”

அறைக்குத் திரும்பினால், அவள் நாற்காலியில் தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

“எந்திரிடா” என்றாள். “அழணும்னா வெளிய போய் அழு. எனக்கு வேலை இருக்கு.”