ஒரே தட்டில் இரண்டு கை

உலர்ந்த சுரைக்காயின் வயிற்றில் கரிக்கோடு. அதைவிட்டு நூலளவும் விலகாமல் கத்தியை நகர்த்தின இரண்டு கைகள். முந்தைய இரண்டு காய்களும் கழுத்தருகே விரிசல் விட்டிருந்தன. சாக்பீஸ் பிடித்துப் பழகிய விரல்களில் மூன்று வெட்டுக்காயங்கள். காய் பிளந்ததும் விதைகளை வழித்தெறிந்துவிட்டு, நத்தை ஓட்டால் உள்ளே சுரண்டத் தொடங்கின.

கைகளுக்குரியவர் ஓச்சாயா. கிட்கும் சாலையிலுள்ள எங்கள் பள்ளியில் பதினாறு வருடமாக ஐந்தாம் வகுப்பு எடுக்கிறார்.

ஊரில் இரண்டு குலங்களுக்கு நடுவே ஒரு கொலை இருந்தது. சமாதானச் சடங்கில் ஓபுத் வேரின் கசப்புச் சாற்றை ஒரே சுரைக் குடுக்கையில் இரு தரப்பும் குடிக்கும்வரை ஒருவர் பாத்திரத்தில் மற்றவர் கை படக்கூடாது. எங்கள் அச்சோலி இனத்தில் இது தெரியாதவர் கிடையாது. ஓச்சாயாவும் அச்சோலிதான், மூன்றாவது குலம்.

ஆனாலும் கல்வி அதிகாரி வந்த அன்று, சமாதானப் பாடம் என்று சொல்லி, அந்த இரு குலத்துப் பிள்ளைகளான லாமுனுவையும் ஓக்வேராவையும் முன்னால் அழைத்து, ஒரே தட்டில் களி வைத்துச் சாப்பிடச் சொன்னார். வாத்தியாருக்குப் பயந்து விழுங்கினார்கள். அதிகாரி கைதட்டினார். பிறகு லாமுனு கழிப்பறைக்குப் பின்னால் தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்த ஓச்சாயா, சோற்றை வீணாக்குகிறாயா என்று அவளைத் திட்டினார்.

மறுநாள் இரு குலத்துப் பிள்ளைகள் பத்தொன்பது பேரும் வரவில்லை.

காலி பெஞ்சுகளை ஒரு வாரம் பார்த்துவிட்டு லாமுனுவின் வீட்டுக்குப் போனார். அவள் அம்மா லாக்கோத் முற்றத்தில் எள் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க வாத்தியாரே. தண்ணி தரலாம். ஆனா எந்தப் பாத்திரத்துல யார் கை படலாம்னு உங்களைக் கேட்டுத்தானே தரணும்."

"தப்பு பண்ணிட்டேன்மா."

"தெரியாம பண்ணினீங்களா?"

"தெரிஞ்சுதான். அதிகாரி முன்னாடி நல்ல பேர் வாங்கணும்னு."

"அப்ப அதை ரெண்டு வீட்டு ஆளுங்க முன்னாடியும் சொல்லுங்க."

மரத்தடியில் இரு பக்கமும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் முன் நின்று, வாந்தியையும் திட்டியதையும் விடாமல் சொன்னார். ஓக்வேராவின் சித்தப்பா சிரித்தார்.

"ரெண்டு வருஷமா எதுலயும் நாங்க ஒத்துப்போனதில்ல. உங்க மேல கோவப்படறதுல மட்டும் ஒத்துப்போறோம்."

இரண்டு வருடமும் இழுத்தடித்தது, குடுக்கையை எந்தக் குலம் வெட்டுவது என்ற சண்டைதான். எதிர்ப்பக்கத்திலிருந்து லாமுனுவின் அப்பா சொன்னார்: "இவர் நம்ம ரெண்டு பேருக்கும் ஆகாதவர். இவரே வெட்டட்டும். ஒழுகினா திரும்ப வெட்டணும். குடிச்சு முடிச்ச பிறகுதான் பிள்ளைங்க பள்ளிக்கூடம் வரும்."

மூன்றாவது காய் தப்பியது. கழுவி நான்கு நாள் நிழலில் காயவைத்து, விளிம்பைக் கல்லில் தேய்த்து எடுத்துப்போனார். லாக்கோத்தும் ஓக்வேராவின் அம்மாவும் நான்கடி இடைவெளி விட்டு நின்றிருந்தார்கள். லாக்கோத்துக்குப் பின்னால் லாமுனு.

"உன்னைத் திட்டியிருக்கக் கூடாதும்மா," என்றார் ஓச்சாயா. அவள் தரையைப் பார்த்தாள்.

எங்கள் பக்கம் பெண்கள்தான் மண்டியிட்டுக் கொடுப்பார்கள். அவர் குடுக்கையை நீட்டியபடி மண்டியிட்டார்.

"எந்திரிங்க வாத்தியாரே, பாக்கறவங்க சிரிப்பாங்க," என்றாள் லாக்கோத்.

"சிரிக்கட்டும்மா. பிடிங்க."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் விளிம்பைப் பிடித்து வாங்கிக்கொண்டார்கள்.