கொம்புப்பிடிக் கத்தி

இது நடந்தது. கதை என்று நினைப்பவர்கள் அந்தத் தம்பிக்காரனின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும். வலது காதுக்கு அடியில் தொடங்கி, தாடை எலும்பை ஒட்டியே முகவாய் வரை ஒரு தழும்பு ஓடுகிறது. இன்றைக்கும் அவன் சிரித்தால் வாய் ஒரு பக்கம்தான் போகும். பாழடைந்த வீடு, நாய் ஊளை என்றெல்லாம் இதில் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன்காரன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க கிரீஸும் இரும்புக் கம்பியுமாகக் கிடப்பவனுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. பழைய சவரக்கத்திகள். பிளேடு மாற்றுகிற கத்தி இல்லை. பிடிக்குள் மடங்கும், தோல்வாரில் தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் அந்தக் காலத்துக் கத்தி. அதில்தான் சவரம் செய்துகொள்வான். "என்னைக்காவது ஒருநாள் கழுத்த அறுத்துக்கிட்டு நிக்கப் போறீங்க" என்று மனைவி திட்டாத வாரம் கிடையாது.

அவர்களுடைய கொள்ளுத்தாத்தா கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தவர். மரமறுக்கும் ஆலையில் கூலி. அதற்கு மேல் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் எந்த மாதிரிக் கத்தியால் சவரம் செய்திருப்பார்? இந்தக் கேள்வி எப்படியோ அண்ணனின் மண்டைக்குள் புகுந்துவிட்டது. பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினான். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் அதே பேச்சு.

"தந்தப்பிடி போட்ட கத்தியா இருக்குமோ?" என்று தம்பிதான் கிண்டலாகக் கேட்டான். அவன் பேருந்து ஓட்டுநர். ஞாயிறு ஆனால் அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு.

"மரமறுக்கிற கூலிக்குத் தந்தமாடா? எலும்பு, இல்லன்னா கொம்பு."

"முனை?"

"வட்ட முனைதான். ஆடுற கப்பல்ல கூர் முனைய வெச்சுக்கிட்டு மொகம் மழிச்சிருந்தா மூக்கு போயிருக்கும். புதுசும் வாங்கியிருக்க மாட்டார். எவனோ தேய்ச்சு முடிச்சத வாங்கியிருப்பார்."

"நேர்ல பாத்த மாதிரி சொல்ற."

இப்படி அனுமானம் செய்து தேடியதில்தான் அது கிடைத்தது. கறுப்புக் கொம்புப் பிடி. வட்ட முனை. தீட்டித் தீட்டி அகலம் பாதியாகக் குறைந்துபோன அலகு. துறைமுகத்துப் பக்கம் ஒரு கடையில், துருப்பிடித்த கதவுக் கீல்கள் கிடந்த டப்பாவின் அடியில் கிடந்தது. கையில் எடுத்ததும் அவனுக்கு ஒன்று தோன்றியது. பிடி சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் கீழே வைத்தது போல. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். டப்பா இருந்தது கடையின் உள்மூலையில்.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தான். கட்டைவிரல் அழுத்தும் இடத்தில் உலோகம் குழிந்திருந்தது. ஆனால் தேய்மானம் எதிர்ப்பக்கம். இடதுகைக்காரனின் கத்தி.

சாணைக்கல்லை நனைத்து வைத்துவிட்டு, கூர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு தலைமுடியை அலகில் வைத்தான். முடி இரண்டாக விழுந்தது.

இத்தனை வருடம் டப்பாவுக்குள் கிடந்த கத்தி.

அந்த ஞாயிறு தம்பி வந்ததும் வராததுமாகச் சொன்னான். "அண்ணே, இன்னைக்கு எனக்கும் பண்ணிவிடு. நம்ம தாத்தா கத்தின்னுதான சொல்ற. பரம்பரச் சொத்துல எனக்கும் பங்கு வேணும்ல?"

சமையலறையில் வெளிச்சம் அதிகம். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுத் தம்பி உட்கார்ந்தான். அண்ணனின் மனைவி அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் தம்பியின் கழுத்தில் துண்டைச் சுற்றி, முகமெல்லாம் நுரை பூசினான். தோல்வாரைக் கதவுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

சரக்… சரக்… சரக்…

"எப்பருந்து இடது கைல தீட்டுறீங்க?" என்றாள் மனைவி.

அவன் குனிந்து பார்த்தான். கத்தி இடது கையில் இருந்தது. வலது கைக்கு மாற்றிக்கொண்டான். சிரித்தும் வைத்தான்.

இடது கன்னம் முடிந்தது. வழவழவென்று வந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு, தன் பேருந்தில் கோழியோடு ஏறிய ஒரு கிழவரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

கத்தியைத் துடைக்க அண்ணன் திரும்பினான். மறுபடி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

கத்தி மீண்டும் இடது கையில்.

இந்தத் தடவை மாற்ற முடியவில்லை.

விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். அவை அவன் பேச்சைக் கேட்கவில்லை. அவனுடைய வலது கை தானாக எழுந்தது. தம்பியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தது. பின்னால் இழுத்தது. கழுத்து வளைந்து மேலே வந்தது.

"அண்ணே… வலிக்குது…"

கத்த வேண்டும் என்று நினைத்தான். 'ஓடுடா' என்று சொல்ல வாயைத் திறந்தான்.

குரல் வரவில்லை.

அலகு தம்பியின் வலது காதுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. அழுத்தியது. நுரை சிவந்தது…

தம்பி கண்ணைத் திறந்தான். அவன் கத்தியைப் பார்க்கவில்லை. அண்ணனையும் பார்க்கவில்லை. அவன் கண்கள் சமையலறையைச் சுற்றி எதையோ தேடின. இடது மூலை. வலது மூலை. கதவுப் பக்கம்…

கை இழுத்தது.

தோல் பிளந்த சத்தம் அண்ணனுக்குக் கேட்டது. ஈரத்துணி கிழிவது போல. ரத்தம் ஜன்னல் கண்ணாடியில் அடித்தது. சூடாக அவன் மணிக்கட்டில் வழிந்தது. கை நிற்கவில்லை. கழுத்தை நோக்கிக் கீழே இறங்கியது…

மனைவி வாணலியை வெங்காயத்தோடு தூக்கி அவன் முழங்கையில் அடித்தாள். எலும்பு முறிந்தது. அலகு மேலே எகிறி, தாடை எலும்பு வழியாக முகவாய் வரை கீறிக்கொண்டு போனது. கத்தி விழவில்லை. முறிந்த கையோடு அவன் மறுபடி ஓங்கினான். இரண்டாவது அடி விரல்களில் விழுந்தது.

கத்தி தரையில் விழுந்தது.

அப்போதுதான் அவனுக்குக் குரல் வந்தது.

தெருவே திரண்டு வரும் அளவுக்கு அலறினான்.

தம்பி பிழைத்தான். கழுத்து நரம்பில் கத்தி படவில்லை என்றார் மருத்துவர். கேட்டவர்களிடமெல்லாம், "அண்ணனுக்குக் கை வழுக்கிடுச்சு" என்று அவன் எழுதிக் காட்டினான். வாயைத் திறக்க முடியாதபடி கட்டுப் போட்டிருந்தார்கள். அண்ணன் மாவுக்கட்டோடு வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே போக அவனுக்குத் தைரியம் இல்லை.

செய்தி கேட்டு வெளியூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அவனைக் கட்டிக்கொண்டு அழுதவள், கொள்ளுத்தாத்தாவின் கத்தி என்று சொன்னதும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"என்னடா உளறுற? எங்க தாத்தா சவரமே பண்ணினதில்ல. நெஞ்சு வரைக்கும் தாடி. நான் அவர் மடியில உக்காந்து அதப் பிடிச்சு இழுத்திருக்கேன். செத்ததுக்கு அப்புறம் குளிப்பாட்டும்போதுதான் தாடிக்குள்ள தழும்பு இருக்கிறதே தெரிஞ்சுது."

"எந்தப் பக்கம்?"

அத்தை தன் வலது காதைத் தொட்டுக் காட்டினாள். விரல் கீழே இறங்கியது. முகவாய் வரை.

"அவருக்கு ஒரு அண்ணன் இருந்தாராம். ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல வந்து ஒரே ஆலையில வேல. இவருக்கு அவர்தான் மழிச்சு விடுவாராம். ஆலைக்குள்ளயே ஒருநாள் மழிச்சுக்கிட்டிருக்கும்போது அறுத்துட்டார். எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எங்கப்பா குடிச்சுட்டு உளறினதுலதான் எனக்கே இது தெரியும்."

"அந்த அண்ணன் என்ன ஆனார்?"

"தாத்தா எந்திரிச்சு ஒரே தள்ளு. பின்னால ரம்பம் ஓடிக்கிட்டிருந்துது. இடுப்போட ரெண்டா…" அத்தை நிறுத்திக்கொண்டாள். "விபத்துன்னு சொல்லிப் பொதைச்சுட்டாங்க. இத யார்கிட்டயும் சொல்லாத. உன் தம்பிகிட்டக்கூட."

அவன் சொல்லவில்லை.

தம்பிக்குக் கட்டுப் பிரித்தார்கள். அன்றைக்குத்தான் அண்ணன் உள்ளே போனான். கட்டிலருகே நின்று அழுதான். "மன்னிச்சுருடா. என் கை என்கிட்ட இல்லடா."

தம்பி மெதுவாக, ஒரு பக்க வாயால் பேசினான்.

"எனக்கு உன் மேல கோவம் இல்லண்ணே. நீ அறுத்தப்ப எனக்குப் பயமும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் புரியல."

"என்னடா?"

"ரம்பம் இங்கதான எங்கயோ ஓடிட்டிருந்துச்சு… உன்ன அதுல தள்ளத்தான் நான் தேடிட்டிருந்தேன்."