வாழைச்சேனையில் ஒரு கூப்பர் வீடு

போன மாசியில் தங்கச்சியின் கல்யாணப் பேச்சு பாதியில் நின்றுபோனது. இந்தப் பயணத்துக்குக் காரணம் அதுதான்.

நாங்கள் திருகோணமலைக் கிறிஸ்தவர்கள். குடும்பப் பெயர் கூப்பர். தங்கச்சி ரெபேக்கா வந்தாறுமூலை கம்பஸில் படித்தபோது விரும்பிய பையன் வாழைச்சேனைக்காரன். அவன் பெயர் சுதர்சன் கூப்பர். அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. அவருடைய சித்தப்பா ஒருவர் இளவயதில் மட்டக்களப்புப் பக்கம் போய்த் தொடர்பே இல்லாமல் போனவர். "அவற்ற வழியா இருந்தா இவன் உனக்கு அண்ணன் முறை. சரிவராது" என்று முடித்துவிட்டார். ரெபேக்கா யாருடனும் பேசாமல் திரிந்தாள். நேரில் விசாரித்து வருகிறேன் என்று நான் கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்கு மட்டக்களப்பு பஸ் பிடித்தால் வெருகல், வாகரை வழியாக மூன்று மணித்தியாலத்தில் வாழைச்சேனைக்குப் பக்கத்தில் உள்ள ஓட்டமாவடி. தூரம் நூறு கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். கடல் இடையிடையே எட்டிப்பார்க்கும். வழியில் போனில் படித்தேன்: இங்கிலாந்தில் மரப்பீப்பாய் செய்தவர்களைக் கூப்பர் என்று அழைத்திருக்கிறார்கள். தொழில்பெயர் குடும்பப் பெயராகி, கப்பலேறிய துரைமாரோடும் பாதிரிமாரோடும் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. எங்கள் பூட்டனாருக்கு ஞானஸ்நானத்தில் கிடைத்தது. மிஷனுக்குப் பணம் அனுப்பிய யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயராம். எங்கள் வீட்டில் ஒருவரும் பீப்பாயைத் தொட்டதில்லை.

ஓட்டமாவடிச் சந்தியில் தேத்தண்ணி குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். "கூப்பர் வீடா? பேப்பர் மில்லுல வேல செஞ்ச சிவலிங்கம் அண்ணன்ட வீடு. ஏறுங்க தம்பி" என்றார் டிரைவர். பாலம் தாண்டி வாசலில் இறக்கிவிட்டு முந்நூறு ரூபாய் வாங்கினார்.

கேற்றைத் திறந்தவர் சுதர்சனின் அப்பா சிவலிங்கம். நெற்றியில் மூன்று கோடாகத் திருநீறு. உள்ளே பிள்ளையார் படம்.

"நீங்க... சைவமா?"

"ஓம் தம்பி. தங்கச்சி சொல்லல்லையா?"

சொல்லவில்லை. முதலில் ஒரு சண்டை முடியட்டும் என்று நினைத்திருப்பாள்.

சிவலிங்கம் ஐயாவின் மனைவி புவனேஸ்வரி அக்கா, பால் கிளாஸைக் கையில் தந்துவிட்டுக் கேட்டார்: "பேரு ஒண்டெண்டா என்ன தம்பி? இஞ்ச நாங்க தாய்ட குடியத்தான் பாக்கிற. உங்கட அம்மா என்ன குடி?" குடி என்றால் அந்தப் பக்கத்தில் தாய்வழி வரும் குலம்; ஒரே குடிக்குள் கட்டமாட்டார்கள்.

"எங்களுக்குக் குடி ஒண்டும் இல்லையே, அக்கா."

"மறுகா என்ன, பிரச்சினையே இல்ல" என்று சிரித்தார்.

பெயர் வந்த கதையை ஐயா சொன்னார். அவருடைய அப்பப்பா வாவியில் தோணி விட்டவர். நிலம் அளக்க வந்த கூப்பர் என்ற துரையை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார். ஒரு மாரியில் துரைக்குக் கடும் காய்ச்சல். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எதிர்க்காற்றில் தோணியைத் தள்ளியிருக்கிறார். கரை தெரியும் நேரத்தில் துரை அவர் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடிவிட்டார்.

"அந்தாளுக்கு இஞ்ச அழ ஒருத்தரும் இல்ல. நம்மட அப்பப்பாதான் அழுதவராம். ஊர் சனம் அவர 'கூப்பர்ர ஆள்' எண்டு கூப்பிடத் தொடங்கிற்று. அப்பாவப் பள்ளிக்கூடத்துல சேக்கக்குள்ள அதையே பேராக் குடுத்திட்டாரு. நாங்களும் விடல்ல."

வாசலுக்கு வந்து அப்பாவுக்குப் போன் எடுத்தேன். தோணிக்காரர் கதையைச் சொல்லி, சொந்தமில்லை என்றேன். நிம்மதியாக மூச்சுவிட்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "எந்தச் சேர்ச்?"

சைவம் என்றேன். போனை வைத்துவிட்டார்.

அதன்பின் சில கிழமை வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த அப்பா, "அந்தத் தோணிக்காரன்ட கதையை இன்னொருக்காச் சொல்லு" என்றார். சொன்னேன். அடுத்த நாள் அதே ஆறு மணி பஸ்ஸில் என்னோடு ஏறினார்.

சிவலிங்கம் ஐயாவுக்கு முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்தார். "எங்களுக்குப் பேர் தந்த மனுசனை எங்கட ஆக்கள் கண்டதே இல்ல. உங்கட ஆள் உங்களுக்குப் பேர் தந்தவனைச் சாகிற வரைக்கும் கையில பிடிச்சிருக்கிறார். நான் என்ன சொல்லிறது?" என்றார். ஐயா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ரெபேக்காவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அப்பா பேசுமுன்னே அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

நீங்களும் இந்தப் பக்கம் போவதென்றால் மாரியைத் தவிருங்கள். அடைமழையில் வாகரைப் பாதையில் தண்ணீர் ஏறும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாத் தொழுகைக்காக ஓட்டமாவடியில் கடைகள் பூட்டியிருக்கும். வேரைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று: பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒரே பெயர் இரண்டு வீட்டுக்குள் இரண்டு வாசல் வழியாக வந்திருக்கலாம். உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

ஆவணியில் மட்டக்களப்பில் பதிவுத் திருமணம். பதிவாளர் இரண்டு அடையாள அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் கூப்பர். சொந்தக்காரரா?"

யாரும் வாய் திறக்குமுன் அப்பா சொன்னார்: "இவ்வளவு நாளும் இல்ல தம்பி. இண்டையில இருந்துதான்."