ரின்ஸ்கே வீட்டுக் கூட்டம்

ரின்ஸ்கேவுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று தெரிந்ததிலிருந்து அல்டாவுக்கு வயிறு எரிந்தது. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில், கால்வாய்க்கரை முதியோர் குடியிருப்பில் இருவருக்கும் எதிரெதிர் வீடு. ரின்ஸ்கேவுக்குப் புற்றுநோய். வலி தாளாமல், தன் சாவுக்கு உதவும்படி டாக்டரிடம் கேட்டிருந்தாள். சட்டப்படி அனுமதியும் கிடைத்துவிட்டது. அல்டாவுக்கு நடுக்குவாதம். கோப்பையை இரண்டு கையால் பிடித்தாலும் பாதிக் காபி தட்டில்தான்.

சாகப்போகிறவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது அசிங்கம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் எதிர்வீட்டு வாசலில் தினமும் சைக்கிள்கள் குவிந்தன. உள்ளிருந்து சிரிப்பு, சர்க்கரை ரொட்டி வாசனை. கனடாவிலிருந்து பேத்திகூட வந்துவிட்டாள். அல்டாவின் ஒரே மகன் யெல்லே ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான், சமைத்துக்கொண்டே.

ஒரு மாலை ரின்ஸ்கேயின் மகன் ஹார்மன், "இன்னும் கொஞ்ச நாள் இரேன்மா" என்று கெஞ்சியது கதவைத் தாண்டிக் கேட்டது. பிறகு அந்த ஆறடி ஆள் வெளியே வந்து சுவரில் சாய்ந்து குலுங்கி அழுதான். அந்தக் கெஞ்சல்தான் அல்டாவைத் தின்றது.

மறுநாளே தன் டாக்டரிடம் தன் சாவுக்கும் உதவச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை, சம்மதிக்கவுமில்லை. முதலில் மகனிடம் பேசுங்கள் என்றார்.

விஷயத்தைப் போனில் கேட்டதும் யெல்லே அன்றே காரில் வந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உன் உசுரு, உன் முடிவும்மா. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

நல்ல பிள்ளை இப்படித்தான் பேசவேண்டும் என்று நினைத்துப் பேசினான். அல்டா கையை உருவிக்கொண்டாள்.

"ஹார்மன் அவங்கம்மாகிட்ட அழுதான்டா."

"அது அவங்கம்மாவுக்கு எவ்வளவு கஷ்டம்? உன்னை நான் அப்படிப் பண்ணலாமா?"

"பண்ணேன்டா. போகாதேன்னு ஒரு தடவை சொல்லிப் பாரேன். வாய் வலிச்சிருமா?"

"போகாதேம்மா" என்றான் யெல்லே, குரல் உடைந்து. கேட்டு வாங்கியது என்பதால் அதில் பாதி ருசி போயிருந்தது. மீதியை அவள் வைத்துக்கொண்டாள்.

ரின்ஸ்கே குறித்த நாளில் பிள்ளைகள் சூழப் போய்ச்சேர்ந்தாள். அல்டா தனக்கு வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னாள். அப்படியானால் ஏன் கேட்டீர்கள் என்றார் அவர்.

"எதிர்வீட்டுல கூட்டம் ஜாஸ்தியா இருந்துச்சு, டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. இதற்கு முன் தன்னிடம் கேட்டவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

யெல்லே இப்போது மாதம் ஒருமுறை வருகிறான். பெரும்பாலும் சோபாவில் தூங்கிவிடுகிறான். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு ஐந்து பிள்ளைகள். அல்டாவுக்கு அவரைப் பிடிக்கவே இல்லை.