புடவை அச்சில் மீசை

உறுவையாறைத் தாண்டி பாகூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோள்பையில் மாற்றுச் சட்டை ஒன்று, ஜீரோ நம்பர் பிரஷ் ஒன்று, ஒரு சாண் உயர மண் பொம்மை ஒன்று. வில்லியனூர் பொம்மைப் பட்டறையில் ஏழு மாத வேலையை அன்று மதியம்தான் விட்டிருந்தேன்.

நான் எட்டாவது பாதியில் நின்றவன். முந்திரி உடைத்திருக்கிறேன், சூளையில் கல் அடுக்கியிருக்கிறேன். ஆதார் அட்டையில் பெயர் தேவகி. பட்டறை ஓனர் அக்கா அதைப் பார்த்துத்தான் என்னைப் பெண்கள் உட்காரும் பெயின்டிங் பெஞ்சில் போட்டார். சேகர் என்று நான் எனக்கு வைத்துக்கொண்ட பெயரை அங்கே யாருக்கும் சொல்லவில்லை.

கொலு பொம்மைகளுக்குத் தலை எல்லாம் ஒரே அச்சுதான். உடம்புக்கு மட்டும் வேட்டி அச்சு, புடவை அச்சு என்று இரண்டு. பிரைமர் அடித்துக் காய்ந்தபின், பொட்டோ மீசையோ கடைசியில்தான் வரும். கை நடுங்கினால் மீசை கோணிவிடும். சின்ன வயதில் ஆள் இல்லாத நேரங்களில் கண்ணாடி முன் மையால் மீசை வரைந்து பழகிய கை என்னுடையது. அதனால் கல்யாண செட் ஆம்பளைகள் எல்லாம் என்னிடமே வந்தார்கள்.

"மீசைனா மட்டும் மூச்சே வுடாம போடுற, தேவகி," என்பாள் பக்கத்தில் உட்காரும் ரோசி.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், மிஞ்சிப்போன புடவை பொம்மை ஒன்றை எடுத்தேன். கொசுவத்தின் மேலேயே கட்டம் போட்ட லுங்கி, மாராப்பின் மேல் நீலச் சட்டை, மெலிதாக ஒரு மீசை. அதை எனக்காகத்தான் செய்தேன். காய வைத்த இடம் தப்பு. பேக்கிங் ஆட்கள் கடலூர் கடைக்குப் போகும் செட்டில் சேர்த்துவிட்டார்கள். கடைக்காரர் திருப்பி அனுப்பினார்.

அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், "இன்னாடி இது? புடவ அச்சுல மீச? யாரு இது?"

பெஞ்சே சிரித்தது. ரோசி மட்டும் சிரிக்கவில்லை.

"தப்பா போட்டுட்டங்கா," என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. தின்னர் வைத்துத் துடைத்துவிட்டு பொட்டு வைத்துக் கொடுக்கச் சொன்னார். தின்னரில் துணியை நனைத்தேன். மீசைக்குப் பக்கத்தில் கொண்டுபோன கை அதற்கு மேல் போகவில்லை. பொம்மையைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நடக்கும்போது வலித்தது வேலை போனதற்காக இல்லை. யார் என்று கேட்டபோது, தப்பு என்று நானே சொல்லிவிட்டேனே, அதற்காக.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்னால் பெயரைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் சொல்வது ரொம்பக் கஷ்டம்.

மறுநாள் காலை கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு கோயில் கோபுரத்துக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் வேலை கேட்டேன். முன்பு என்ன செய்தாய் என்றார். பொம்மையை எடுத்துக் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொசுவத்தை விரலால் தடவினார்.

"யாருபா இது?"

"நான்தாங்க. பேரு சேகர்."

பொம்மையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "லுங்கி கட்டம் நேரா வந்துருக்கு," என்று திருப்பிக் கொடுத்தார்.

மீசை வேலை எதுவும் தரவில்லை. உப்புத்தாளைக் கொடுத்து, சாரத்தில் ஏறி பழைய பெயின்டைச் சுரண்டச் சொன்னார். பத்து மணிக்கு டீ வந்ததும் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"சேகரு, எறங்கி வாபா."